கூண்டு ஏறுவது இங்கே, தாழ்வு உருவாவது எங்கே?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. அன்றைக்குப் பாம்பனில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். கடல் சும்மா கிடக்கும். வெளியூர்க்காரர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றாம் எண் என்றால் புயல் இங்கே இல்லை, தூரத்தில் எங்கோ நடுக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியிருக்கிறது என்று பொருள். கூண்டு ஏறுவது இங்கே. தாழ்வு இருப்பது அங்கே.

மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் பல வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். மனநலம் என்று பேச்சு வந்தால் இந்தக் கூண்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். தமிழில் வாகாகச் சொல்லும் அமைந்திருக்கிறது: அங்கே காற்றழுத்தம், இங்கே மன அழுத்தம். ஒரு பையன் ராத்திரி தூங்காமல் புரள்கிறான், ஒரு பெண் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள் என்றால் கூண்டு ஏறிவிட்டது. நாம் என்ன செய்கிறோம்? கூண்டுக் கம்பத்தைப் பிடித்து உலுக்குகிறோம். "உனக்கு என்ன கொற வச்சோம்? மனசத் திடமா வச்சுக்க." தாழ்வு எங்கே உருவானது என்று பார்ப்பதில்லை. அது பல நேரம் வீட்டில் இருக்கும், வேலை பார்க்கும் படகில் இருக்கும், தெருவின் வாயில் இருக்கும்.

இப்படித் தேடிப் பார்க்கும் முறைக்கு 'நலத்தின் சமூகக் காரணிகள்' என்று பெயர். பெயர்தான் பெரிசு. எங்கள் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சொகமா இருக்கீகளா?" என்று கேட்கிறோமே, அந்தச் 'சொகம்' உடம்பை மட்டுமா கேட்கிறது? 1948-இல் நடப்புக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமும் இதையேதான் சொல்கிறது: நோய் இல்லாதிருப்பது மட்டும் நலம் ஆகாது, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் சேர்ந்ததே நலம். பிறகு 2005-இல் அதே நிறுவனம் ஓர் ஆணையம் அமைத்தது. 2008-இல் வந்த அதன் அறிக்கை, மனிதர் பிறந்து வளர்ந்து வேலை செய்து மூப்படைகிற சூழல்தான் அவர்கள் நலத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது என்றது. ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு வெகு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது என்று அர்த்தம்.

ஆணையத்தின் தலைவர் மைக்கேல் மார்மட். அவர் அந்த நாற்காலிக்கு வந்த கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது.

லண்டன் ஆபீசில் ஒரு கணக்கு

1967-இல் லண்டனில் வைட்ஹால் என்ற இடத்து அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் நினைத்தது, பெரிய அதிகாரிக்குத்தான் தலைக்கு மேல் பொறுப்பு, அவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று. மார்மட்டும் சேர்ந்து போட்ட கணக்கு நேர்மாறாக வந்தது. உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட, அடிமட்டத்தில் கோப்பு தூக்கியவர்களும் வாசல் காவலர்களும் இதயநோயில் இறப்பது பல மடங்கு அதிகம். அதைவிட முக்கியம், இடையில் இருந்தவர்கள் படிப்படியாக இடையிலேயே நின்றார்கள். ஒரு படி இறங்க இறங்க ஆயுளும் ஒரு படி இறங்கியது. பீடி சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே மிஞ்சியது. இத்தனைக்கும் இவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. எல்லோரும் நிரந்தரச் சம்பளக்காரர்கள்.

மிஞ்சிய அந்த வித்தியாசத்துக்கு ஒரு விளக்கம் 1979-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் சொன்னது: வேலை கடுமையாக இருப்பது மட்டும் மனிதனை அரிப்பதில்லை. வேலையும் கடுமை, அந்த வேலையில் நமக்குப் பிடியும் இல்லை என்ற சேர்க்கைதான் அரிக்கிறது. பிடி என்றால், எப்போது, எப்படி, எவ்வளவு என்று முடிவெடுப்பதில் நமக்குள்ள பங்கு. 1980-களில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: பக்கத்தில் ஆள் துணை இருக்கிறதா, இல்லையா. கடுமை, பிடியின்மை, தனிமை மூன்றும் ஒருவர் மேல் ஒன்றாக விழுந்தால் அதுதான் பெரும்பாடு.

முதல் வைட்ஹால் ஆய்வில் பெண்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களைக் கணக்கில் எடுக்க 1985-இல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாவது ஆய்வு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேர்த்த பிறகு கிடைத்ததைப் பாருங்கள்: வீட்டுக் காரியங்களில் தன் கையில் பிடி இல்லை என்று சொன்ன பெண்களுக்குப் பின்னாளில் இதயநோய் கூடுதலாக வந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. வீடு இருவருக்கும் ஒன்றுதான். அது அழுத்துவது மட்டும் ஒரே மாதிரி இல்லை.

படகில் யார் கையில் பிடி?

லண்டன் ஆபீசுக்கும் ராமேஸ்வரம் ஜெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என்னிடம் படித்த ஒரு பையன் வழியாகச் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வயது. விசைப்படகில் கூலியாள். ஒருநாள் சாயங்காலம் அவன் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "நெஞ்சு அடைக்குதுங்கிறான் டீச்சர். பெரியாஸ்பத்திரில ஈசிஜி எடுத்தாக, ஒண்ணுமில்லன்னுட்டாக. மந்திரிச்சும் பாத்தாச்சு. ராத்திரி தூங்க மாட்டேங்கிறான். கேட்டா எரிஞ்சு விழுறான்." பையன் நிலைப்படியில் உட்கார்ந்து உள்ளங்கையில் வலைக்கயிறு அறுத்த தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு நாள் ஒதுக்கீடு உண்டு. நாட்டுப்படகுக்கு விட்ட நாளில் போக முடியாது. போகிற நாளில் வலையை எங்கே இறக்குவது, எவ்வளவு நேரம் இழுப்பது, எப்போது திரும்புவது எல்லாம் டிரைவர் பாடு. டிரைவருக்கும் மேலே கரையில் இருக்கிற முதலாளியின் டீசல் கணக்கு. 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்களால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் எல்லை வகுத்தாகிவிட்டது. கோடு கண்ணுக்குத் தெரியாது. அது ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது, ஜிபிஎஸ் டிரைவர் கேபினில் இருக்கிறது. எல்லை தாண்டிப் பிடிபட்டால் கைதாவது படகில் உள்ள அத்தனை பேரும். முடிவு ஒருவருடையது, சிறை எல்லோருக்கும்.

வேண்டாம் என்று இறங்கிவிடலாமே? அக்கா கல்யாணத்துக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறது. அது கழிகிற வரை வேறு படகு மாற முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பங்கு கிடையாது. அரசு கொடுக்கும் நிவாரணம் அரிசி பருப்புக்குப் போகும். முன்பணம் அந்த 61 நாளும் அசையாமல் அங்கேயே நிற்கும்.

கராசெக் இவனைப் பார்த்திருந்தால் கடுமையையும் பிடியையும் வைத்துப் போட்ட தன் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். நெஞ்சில் ஏறியது கூண்டு. ஈசிஜி கூண்டைத்தான் பார்த்தது.

இதே கரையில் இதற்கு மறுபக்கமும் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிற பெண்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளை சட்டை, விரலில் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருவார்கள். பவளப்பாறை கையைக் கிழிக்கும், உப்பு அதில் எரியும். இதைவிடக் கடுமையான வேலையைக் கரையில் காட்டுவது கஷ்டம். ஆனால் எத்தனை நாள் போவது, எந்த மாதங்களில் நிறுத்துவது, இரும்பால் சுரண்டாமல் கையாலேயே எடுப்பது என்று அவர்களே கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதில் முன்னே நின்ற பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற ஸீகாலஜி பரிசு கிடைத்தது. வேலை கடுமைதான், பிடி ஓரளவு அவர்கள் கையில், பக்கத்தில் பத்துப் பேர் துணை. அவர்களுக்கும் பயம் உண்டு. 1986-இல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, எங்கே போகலாம் எங்கே கூடாது என்ற பிடி வனத்துறை கைக்குப் போனது. கடலைக் காப்பது சரிதான். காக்கிறபோது யாருடைய பிடி நழுவுகிறது என்பதையும் கூடவே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தள்ளுவண்டியும் தங்கச்சியும்

அந்தப் பையனுக்கு ஒரு தங்கச்சி. காலேஜில் இரண்டாம் வருஷம். எங்கள் மாவட்டத்தைத் 'தண்ணியில்லாக் காடு' என்று ஊரே கிண்டலடிக்கும். அந்தக் கிண்டலின் எடை என்னவென்று தெரிய வேண்டுமானால் விடியற்காலை ஊற்றடிக்கு வரவேண்டும். நான்கு சக்கரம் வைத்த இரும்புத் தள்ளுவண்டி, அதில் வரிசையாகக் குடம் பதிக்கிற வளையங்கள். மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் சுரக்கிற வேகத்துக்குத்தான் அகப்பையால் மொள்ள முடியும், அவசரப்பட்டால் கலங்கிவிடும். எட்டுக் குடம் நிரம்ப ஒரு மணி நேரம். அதன் பிறகு சோறு வடித்து, அண்ணன் சட்டையை அலசிப் போட்டு, ஏழரை மணி பஸ்.

2024-இல் எடுத்த அகில இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். உடம்பில் இது எப்படி இறங்குகிறது என்பதற்கு இன்னொரு எண்: 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மீன் துண்டு மிஞ்சுவதில்லை என்பதும் அதில் ஒரு காரணம். மீன் விற்கிற வீட்டிலேயே இது நடக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பெண்ணிடம் அவள் கஷ்டம் என்னவென்று கேட்டேன். தண்ணீரைச் சொல்லவில்லை. "காலேஜ் முடிஞ்சதும் என்ன பண்ணப் போறேன்னு என்கிட்ட யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க டீச்சர். எங்க வீட்டுல அதுக்குப் பதில் ரெடியா இருக்கு." அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் பெயரில் வங்கியில் விழுகிறது. அந்த ஆயிரத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறியது. தொகை பெரிதில்லை, ஏடிஎம் கார்டு அவள் பையில் இருக்கிறது.

கீழக்கரை வழக்கம் ஒன்று

வழக்கம் என்றாலே பெண்ணை அழுத்துவது என்று முடிவு கட்டிவிட முடியாது. கீழக்கரை மரைக்காயர் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணத்துக்குப் பிறகு பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்துபோவார். ஆண்கள் கடல் கடந்து வியாபாரத்துக்கும் பின்னாளில் வளைகுடா வேலைக்கும் போகிற ஊரில் இது எவ்வளவு பெரிய அரண்! மாப்பிள்ளை சபரில் (வெளிநாட்டில்) இருக்கிற காலமெல்லாம் உம்மாவும் (அம்மா) லாத்தாவும் (அக்கா) பக்கத்தில். பிள்ளைப்பேறு, காய்ச்சல், நடுராத்திரி அழுகை எதற்கும் தனியாக இல்லை.

ஆனால் அதே வழக்கம் பெண்ணுக்கு ஒரு வீடும் கேட்கிறது. வாப்பாவோ (அப்பா) காக்காவோ (அண்ணன்) அந்த வீட்டைக் கட்ட வேண்டும். இருபது வயதில் துபாய்க்குப் போன ஒரு காக்கா, முதல் தங்கச்சி வீடு முடிந்ததும் இரண்டாவதுக்குச் செங்கல் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எட்டுப் பேர் படுக்கிற அறையில் மேல் கட்டிலில் படுத்து வீடியோ காலில் சிரிப்பார். "சாப்ட்டீகளா?" என்று இங்கிருந்து கேட்பார்கள், "சாப்ட்டேன்" என்பார். தங்கச்சியைக் காக்கிற அதே சுவர் அண்ணன் முதுகில் ஏறி நிற்கிறது. ஒரே வழக்கம் ஒருத்தருக்குத் துணை, இன்னொருத்தருக்குச் சுமை என்பதால்தான், ஒரு குடும்பத்தில் யார் சொகமாக இருக்கிறார்கள் என்று ஆளாளுக்குத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

சொல்ல முடிந்தவர்கள், முடியாதவர்கள்

இங்கே ஒரு புதிர் உண்டு. உலக அளவில் மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆனால் தன்னையே மாய்த்துக்கொள்பவர்களில் ஆண்கள் அதிகம். இந்தியாவில் 2022-இல் அப்படி இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். பத்தில் ஏழுக்கும் மேல். காரணம் என்று காவல்துறைப் பதிவில் முதலிடம் பிடித்தது குடும்பப் பிரச்சினை, 31.7 சதவீதம். இந்தக் காரணக் கட்டத்தை நான் முழுசாக நம்புவதில்லை. எழுதுகிறவர் ஒரு கட்டத்தில்தான் டிக் அடிக்க முடியும். கடன், வேலை, குடி, வீட்டுச் சண்டை நான்கும் ஒரே கயிற்றில் முறுக்கியிருந்தாலும் ஒன்றைத்தான் எழுதுவார்.

புதிரை நான் புரிந்துகொள்வது இப்படி. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு முடிவெடுக்கிற உரிமை கொடுப்பதில்லை, ஆனால் அழுவதற்கு இடம் இருக்கிறது: குழாயடி, குழுக்கூட்டம், சித்தி வீட்டுத் திண்ணை. ஆணுக்கு முடிவெடுக்கிறவன் என்ற பட்டம் கொடுத்துவிட்டோம், அழுவதற்கு இடம் கொடுக்கவில்லை. அவனுக்கு இருப்பது டாஸ்மாக் கடைதான். பட்டமும் பல நேரம் பொய். படகில் அவன் கையில் எந்தப் பிடி இருந்தது என்று பார்த்தோமே.

சொல்ல விடாமல் அடைப்பதில் ஊரின் பங்கும் உண்டு. எங்கள் பக்கம் பிள்ளைகள் சண்டையில் "ஒன்ன ஏர்வாடிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்பது சாதாரண வசவு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அதே ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் வரை போய், இப்போது நடப்பில் உள்ள 2017 மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சட்டம் மாறிவிட்டது. வசவு இன்னும் மாறவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லத் துணிகிற பையன், மனசு சரியில்லை என்று சொல்லத் துணியாததற்கு அந்த வசவு போதும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தாழ்வு வெளியே உருவானது என்பதால் உள்ளே வைத்தியம் வேண்டாம் என்று ஆகிவிடாது. கூண்டு ஏறினால் முதலில் படகைக் கட்டத்தான் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். மாத்திரை கொடுத்தால் சாப்பிட வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே, காசில்லாமல். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிற அரசு சேவை.

நான் டாக்டர் இல்லை. அன்றைக்கு அந்தப் பையனிடம் என்னால் கேட்க முடிந்தது மூன்றே கேள்வி. எது அழுத்துது? அதுல ஒன் கைல எவ்வளவு இருக்கு? யார்ட்ட சொல்லுவ? முதல் கேள்விக்கு எல்லையைச் சொன்னான்: ராத்திரி லைட் அடித்துக்கொண்டு ரோந்துப் படகு வருவது கண்ணுக்குள் நிற்கிறதாம். இரண்டாவதற்குச் சிரித்தான். மூன்றாவதற்கு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாய்மாமன் பேரைச் சொன்னான். அம்மாவுக்கு அது ஆச்சரியம். மாமனோடு வீட்டுக்குப் பேச்சு வார்த்தை நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மருத்துவமனைக்குப் போனான், நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டான். அம்மா குழுவில் லோன் எடுத்து முதலாளியின் முன்பணத்தைக் கட்டினார். இப்போது மாமன் நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறான். வலையை எங்கே போடுவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு போவார்களாம். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான்.

போன மாதம் மண்டபம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"வருது டீச்சர். காசுதான் வர மாட்டேங்குது" என்றான். தங்கச்சிக்குப் பரீட்சை முடிகிற வரை விடியற்காலைத் தள்ளுவண்டி தன் பொறுப்பு என்றும், எட்டுக் குடத்தோடு மணலில் அது ஒரு பக்கமாகவே இழுக்கிறது, சக்கரத்துக்கு பேரிங் மாற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டு ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினான்.